தட்டுக்கு நாடி பார்ப்பவர்

திரும்பி வந்த தட்டை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். "பருப்பு போயிருக்கு. முட்டையில வெள்ள போயிருக்கு, மஞ்ச போகல. கீரையும் போயிருக்கு. ஆனா எங்க போயிருக்கு?" என்று நிறுத்தி, மூன்றாம் கட்டிலின் பூஞ்சாடிக்குள் எட்டிப் பார்க்கிறார். உள்ளே கீரை. "ரத்தம் கம்மின்னு டாக்டர் சொன்னது உங்களுக்கா, இந்தப் பூவுக்கா?" மூன்றாம் கட்டில் போர்வைக்குள் போய்விடுகிறது.

எலும்பு வார்டுக்குச் சாப்பாட்டு வண்டி தள்ளுகிறவர். சட்டையில் பெயர்ப் பட்டை உண்டு. அதன்மேல் எப்போதும் சூப் தெறித்திருக்கும். ஆகவே எல்லோருக்கும் வண்டியக்கா. வயது ஐம்பதைத் தொட்டிருக்கும், உயரம் வண்டியைவிட நாலு விரல் கூடுதல். அவர் தள்ளி வரும்போது வண்டி தானாக வருவது போலிருக்கும். புதிதாகச் சேர்ந்த ஒரு நோயாளி, ஆளில்லாத வண்டி தன்னை நோக்கி வருவதைக் கண்டு அலறிக் குதித்து, நன்றாக இருந்த இன்னொரு காலையும் உடைத்துக்கொண்டாராம். நான் பார்க்கவில்லை. ஆனால் நான்கு பேரிடம் சொல்லியிருக்கிறேன், ஒருவரும் மறுக்கவில்லை.

எனக்கு நாலாம் கட்டில், இடது காலில் மாவுக்கட்டு. பதினெட்டு நாளாக அவரைப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை.

டயட்டீஷியன் பெண் ஒவ்வொரு கட்டிலுக்கும் அட்டவணை எழுதிக் கொடுப்பாள். அதில் இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் என்று வரிசையாக இருக்கும். அது வண்டியக்கா வாயில் புகுந்து வெளியே வரும்போது குடும்ப வம்பாகிவிடும். "கீரையில இருக்கிற இரும்பு இருக்கானே, பயங்கரக் கூச்சக்காரன். தனியா வந்தா வாசல்ல நின்னுட்டு அப்படியே போயிடுவான். எலுமிச்சம்பழம் கையப் பிடிச்சு உள்ள கூட்டிட்டு வரணும். பிழிஞ்சுக்கோங்க."

"டீ குடிக்கலாமா வண்டியக்கா?"

"டீயா? அது வாசல்ல கால நீட்டிப் படுத்திருக்கிற மாமனாரு. அவரத் தாண்டி இரும்பு எப்படி வருவான்? ஒரு மணி நேரம் கழிச்சுக் குடிங்க."

இதைச் சொல்லும்போது அவர் கையில் ஆவி பறக்கும் டீ கிளாஸ் இருக்கும். கேட்டால், "நான்தான் நாள் பூரா இந்த இரும்பு வண்டியக் கட்டிக்கிட்டு அழறேனே, அது போதாதா?" என்பார்.

கால்சியம் அவர் கணக்கில் முழுச் சோம்பேறி. "பாலோட வருவான், வந்த வழியே போயிடுவான். வைட்டமின் டி காதைத் திருகி எலும்புக்குள்ள உக்கார வைக்கணும். அந்த டி வெயில்ல இருக்கு. கண்ணாடி வழியா வர்ற வெயில்ல இல்ல, வெளிய வாங்க." பத்து மணிக்குச் சக்கர நாற்காலிக்காரர்களை வராந்தாவில் துணி காயப்போடுவதுபோல் வரிசையாக நிறுத்திவிடுவார். திருப்பிப் போட மறப்பதில்லை.

உடம்பு தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளாதா என்று ஒரு நாள் வம்புக்குக் கேட்டுவைத்தேன். "சிலத செஞ்சுக்கும். சிலத வெளியில இருந்துதான் வாங்கியாகணும். உப்பு தீந்துபோனா நீங்க வீட்டுலயே காய்ச்சுவீங்களா, கடைக்குப் போவீங்களா?"

வண்டியக்காவின் வீட்டுக்காரர் லாரி டிரைவர். காய்கறியைக் கண்டால் சண்டைக்குப் போகிற ஆள். பன்னிரண்டு வருடமாக அவருடைய ஆம்லெட்டில் பாதி காரட்தானாம், அவருக்குத் தெரியாது. "இந்த வயசுலயும் கண்ணு எப்படித் தெரியுது பாருன்னு ஊரெல்லாம் பீத்திக்கிறாரு. ரோடு தெரியுது, தட்டுல இருக்கிறது தெரியல."

இப்படிப்பட்ட வண்டியக்காவுக்கு ஆறாம் கட்டில் வந்து வாய்த்தது.

ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், இடுப்பெலும்பில் அறுவை சிகிச்சை. முட்டை, மீன் தொடாதவர். எங்கள் வார்டின் பகல் டியூட்டி சிஸ்டர் அவரிடம் படித்தவள். "எங்க டீச்சர் காம்பஸ் இல்லாம போர்டுல வட்டம் போடுவாங்க. ஒரு நாள் தட்ட வெச்சு அளந்து பார்த்தோம், ஒரு நூல் விலகல!" என்று கட்டில் கட்டிலாகச் சொல்லி வைத்திருந்தாள். அந்த டீச்சர் ஐந்து நாளாக வாழைப்பழத்தைத் தவிர எதையும் தின்னவில்லை. பருப்பும் தயிரும் சூப்பும் போன சுவட்டிலேயே திரும்பின. "பசியில்ல." சிஸ்டர் ஊட்டிவிடட்டுமா என்று கெஞ்சினாள். "நான் என்ன கைக்குழந்தையா?"

ஐந்தாம் நாள் காலையில் டாக்டர் தையலைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "புரதம் உள்ள போகலைன்னா இது எப்படிக் கூடும்? மதியம் சாப்பிடலைன்னா, சாயங்காலம் மூக்கு வழியா குழாய் போட்டுடலாம்." டீச்சர் கூரையைப் பார்த்தார். சிஸ்டர் மூக்கை உறிஞ்சினாள்.

வண்டியக்கா காலைத் தட்டை எடுத்தார், சாய்த்தார், ஒரு கண்ணை மூடினார். நானும் எட்டிப் பார்த்தேன். பருப்புக் கிண்ணத்துக்கும் தட்டு விளிம்புக்கும் நடுவே பொட்டுப் பொட்டாக மஞ்சள் துளிகள். ஸ்பூனைத் துடைத்துக் கவிழ்த்து வைத்திருந்தது. தலையணைக்கடியிலிருந்து, கசங்கி மஞ்சளான காகிதம் ஒன்று நுனி காட்டியது. டீச்சரின் இரண்டு கைகளும் அந்தப் புழுக்கத்திலும் போர்வைக்குள் இருந்தன. போர்வை அங்கே மட்டும் விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது.

"வாழைப்பழத்துக்கு ஸ்பூன் வேணாம்" என்று வண்டியக்கா முணுமுணுத்தார். எனக்கு மட்டும் கேட்டது. பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

மதியம் ஆறாம் கட்டிலுக்குத் தட்டு வரவில்லை. இரண்டு பக்கமும் பிடி வைத்த ஆழமான குவளை வந்தது. அதில் கெட்டிப் பருப்பு, பாதி வரைக்கும்தான். இன்னொன்றில் தயிர், கூடவே ஒரு ஸ்பூன். "வெச்சிருக்கேன் டீச்சரம்மா" என்று மட்டும் சொன்னார். வண்டியைக் கட்டிலுக்குக் குறுக்கே இழுத்து மறைப்பாக நிறுத்தினார். அதற்கு முன்னால் போய், டீச்சருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, வார்டைப் பார்த்துக் கையைத் தட்டினார்.

"எல்லாரும் இங்க பாருங்க! சிஸ்டர், நீங்களும்தான். தையல் போட்ட எடம் எப்படிக் கூடுதுன்னு தெரியுமா? அது இடிஞ்ச செவுரு. புரதம்னு கொத்தனாருங்க வரணும். கல்லும் அவங்கதான், வேலையும் அவங்கதான்."

"அப்ப சிமெண்ட்டு?" என்றது மூன்றாம் கட்டில்.

"வைட்டமின் சி. அவன் வரலைன்னா கல்லு ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது."

"மேஸ்திரி?"

"துத்தநாகம். ஆளு இத்தனூண்டு. ஆனா அவன் கத்தலைன்னா ஒருத்தனும் கல்லத் தூக்கமாட்டான்."

"உங்கள மாதிரி!" என்றாள் சிஸ்டர். வார்டு சிரித்தது.

"சோறும் ரொட்டியும் எதுக்காம்?" என்றேன், என் பங்குக்கு.

"அது கூலி. கூலி குடுக்கலைன்னு வைங்க, கொத்தனார் என்ன பண்ணுவான்? செவுத்துக் கல்ல உருவி வித்துச் சாப்பிட்டுடுவான்!"

சிரிப்பு அடங்குகிற நேரத்தில், வண்டிக்குப் பின்னாலிருந்து மெல்ல ஒரு சத்தம் வந்தது. டிங். கொஞ்சம் பொறுத்து, டிங் டிங் டிங் என்று தாறுமாறாக, குவளையின் விளிம்பில் ஸ்பூன் நடுங்கித் தட்டுகிற சத்தம். சிஸ்டர் சிரிப்பை நிறுத்தி அந்தப் பக்கம் தலையைத் திருப்பினாள்.

வண்டியக்கா திரும்பவில்லை. கையைப் பின்னால் நீட்டி வண்டியிலிருந்து இரண்டு பெரிய பாத்திர மூடிகளை இழுத்தார். இரண்டும் கழுவிக் காய்ந்து பளபளத்தவைதான். வார்டே காதைப் பொத்திக்கொள்ளும்படி அவற்றை ஒன்றோடொன்று மோதி மோதித் துடைக்க ஆரம்பித்தார்.