நைனா விழுங்காத மாத்திரை

குளிர்காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொய்னா மாத்திரையின் கசப்பு நாக்கோடு நிற்காது. காதுக்குப் பின்னால் ஏறி, மறுநாள் குடிக்கிற கஞ்சி வரைக்கும் கூடவே வரும். தங்க வயல் சுரங்கத்தை ஒட்டி மூங்கில் தட்டியால் கட்டிய எங்கள் கூலி லைன் வீட்டில், தம்பிக்காக அம்மா வெல்லத்தில் குழைத்ததைத் தெரியாமல் நக்கியபோது எனக்கு ஏழெட்டு வயது.

குளிர்காய்ச்சலைப் பரப்புவது கொசுதான் என்று கண்டுபிடித்து அப்போது அதிக நாள் ஆகவில்லை. அதைப் படித்துவிட்டு வந்த சுரங்க டாக்டர் துரை, மாத்திரையாலேயே காய்ச்சலை ஒழித்துக் காட்டுகிறேன் என்று கிளம்பினார். பெரிய படிப்புதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மாத்திரை ஷிப்டுக்கு இறங்கும் ஆண்களுக்கு மட்டும். ஆளைச் சுரங்கத்துக்குள் இறக்கும் 'கேஜ்' கூண்டின் வாசலில் கம்பவுண்டர் நின்று, ஒவ்வொருவர் வாயிலும் ஒன்றைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார். பெண்டு பிள்ளைகள் நடுங்கினால் தங்கம் குறையாதல்லவா?

தம்பிக்கு நாலு வயது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், போர்த்திய கோணியோடு சேர்ந்து ஆடுவான். அம்மா கம்பவுண்டரிடம் போய் ஒரே ஒரு மாத்திரை கேட்டாள்.

"எறங்குற ஆளுக்குத்தாம்மா. ஊட்ல கெடக்குறதுக்கெல்லாம் ஆர்டர் இல்ல."

"கொசு இன்னா, வேல டிக்கெட்டு பாத்தா கடிக்குது?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டாள்.

மறுநாள் முதல் நைனா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், பிடுங்கிய கடைவாய்ப்பல்லின் குழியில் மாத்திரையைச் செருகிக்கொண்டு வாயை அகலத் திறந்து காட்டினார். கேஜ் இறங்கும் இருட்டில் அதை எடுத்துத் தலைத்துணியில் முடிந்துகொள்வார். பாதி கரைந்து வீடு வரும். தம்பியின் உடம்புச் சூடு தணிந்தது. நைனாவின் உடம்பு சுட ஆரம்பித்தது. பாறை துளைக்கிற கை நடுங்கினால் பக்கத்தில் நிற்பவனுக்கும் சேர்த்துத்தான் சாவு.

"நீயே முழுங்குய்யா, புள்ளைய சாமி பாத்துக்கும்" என்று அம்மா அழுதாள்.

"சாமிக்குக் கொய்னா யாரு குடுக்குறாங்க?" என்றார் நைனா.

லைனில் பல வீடுகளில் இதே கதை. மாத்திரை கொடுத்தும் ஆண்களின் காய்ச்சல் ஏன் குறையவில்லை என்று ஆராய, மூக்கில் கைக்குட்டையோடு துரையே கம்பவுண்டரைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"எல்லாரும் முழுங்குறாங்கதானே?" கம்பவுண்டர் கேட்டார்.

"வாயத் தொறந்து பாக்குறது நீங்க. என்னியக் கேட்டா?" என்றாள் அம்மா.

வெல்லமும் மாத்திரைத் தூளும் ஒட்டிய கிண்ணம் துரையின் பூட்ஸுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. குனிந்தால்தானே தெரியும்? கூலிக்காரன் ரத்தம் தடித்த ரத்தம், ஒரு மாத்திரை அதில் ஏறாது என்று அவருடைய விஞ்ஞானம் முடிவு கட்டியது. அடுத்த வாரத்திலிருந்து ஆளுக்கு இரண்டு. நைனா ஒன்றை விழுங்கினார், ஒன்றைக் குழியில் வைத்தார். தம்பியும் பிழைத்தான், நைனாவும் பிழைத்தார், லைன் முழுக்கக் காய்ச்சல் இறங்கியது.

இப்போது தட்டி வீடுகள் போய்விட்டன, கேஜ் வாசலில் மாத்திரை கொடுத்த பெஞ்சும் போய்விட்டது. தம்பி பென்ஷன் வாங்குகிற கிழவன். மருந்துக்கொட்டகை இருந்த இடத்துச் சுவரில் ஒரு கல் மட்டும் மிச்சம். இரட்டை மாத்திரையால் காய்ச்சலை ஒழித்த துரைக்கு நன்றியாம். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனாலும் வெயிலில் நின்று கடைசி எழுத்து வரைக்கும் படித்தேன். கடைவாய்ப்பல் குழியைப் பற்றி ஒரு வரி இல்லை.