காப்பு கட்டிய பிறகு

அந்தப் பயிற்சி வகுப்பில் நான் கை தூக்காத கேள்வியே இல்லை. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைக் கல்லூரி வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் ‘வழிகாட்டி’ வேலை. கூட இருந்தவர்கள் எல்லாம் சென்னை, கோவை. மலைக்கிராமத்தில் எப்படிப் பேசுவது, எங்கே செருப்பைக் கழற்றுவது என்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் எடுக்கவில்லை. கடத்தூர்ப் பக்கத்து விவசாய வீட்டுப் பெண். பொறியியல் முடித்து, பெங்களூரில் எட்டு மாதம் கணினி முன்னால் உட்கார்ந்து சலித்துத் திரும்பியவள். தருமபுரி மாவட்டத்தைப் பற்றி எனக்கே வகுப்பா என்றிருந்தது.

என்னிடம் ஒப்படைத்தவர்களில் ஒருத்தி சித்தேரி மலையில் ஒரு சின்ன ஊர்க்காரி. நர்சிங் தவிர வேறு பேச்சு அவளுக்குக் கிடையாது. அரூர் ஆஸ்பத்திரியில் அவள் அத்தைக்கு ஊசி போட்ட நர்ஸைப் பற்றி என்னிடம் மூன்று முறையாவது சொல்லியிருப்பாள். “நரம்ப அவங்க கண்ணால தேடலைக்கா, வெரலாலயே கண்டுபுடிச்சாங்க.”

அவள் ஊரில் சிக்னல் கிடைக்காது என்பதால் விண்ணப்பத்தில் என் எண்ணைக் கொடுத்திருந்தேன். சான்றிதழ் சரிபார்ப்புக்குத் தருமபுரிக்கு வரச் சொல்லி மூன்று வாரம் முன்பே செய்தி வந்துவிட்டது. நான் மலைக்குச் சொல்லவில்லை. முன்கூட்டிச் சொன்னால் வீட்டில் யோசிப்பார்கள், யோசித்தால் தடுப்பார்கள் என்று நினைத்தேன். என் சித்தி மகளுக்கு எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

இரண்டு நாள் இருக்கும்போது பஸ் பிடித்து மேலே போனேன். ஊர் நுழைவில் வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது.

“நேத்துதான் சாமிக்குக் காப்பு கட்டுனாங்கக்கா. நோம்பி முடியற வரைக்கும் ஊருல யாரும் வெளியில ராத்தங்கக் கூடாது” என்றாள்.

“எங்கூர்லயுந்தான் கட்டறாங்க. மறுநாளே எங்கண்ணன் ஓசூருக்கு நைட் ஷிப்ட் போயிருவான். என்ன ஆயிருச்சு?”

“உங்கூரு சாமி அட்ஜஸ்ட் பண்ணிக்குமாட்ட இருக்குது!”

இருவரும் சிரித்தோம். பொழுது சாய்வதற்குள் கொண்டுவந்து விடுகிறேன் என்று அவள் அம்மாவிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “வெளக்கு வெக்கறதுக்குள்ள ஊரு எல்லைக்குள்ள வந்துரணும் கண்ணு. உன்னைய நம்பித்தான் அனுப்பறேன்.”

முதல் பஸ்ஸிலேயே இறங்கியும் தருமபுரியில் வரிசையில் போய் நிற்கும்போது பதினொன்றாகிவிட்டது. மூன்று மணிக்குக் குமாஸ்தா ஜன்னலை மூடினார். “இன்னைக்கு டோக்கன் அவ்ளோதாம்மா. மீதிப் பேரு காலைல ஒன்பது மணிக்கு வாங்க. அப்ப இல்லாதவங்க பேரு போயிரும்.”

“போயிட்டு வந்துரலாங்கா” என்றாள்.

மலையிலிருந்து முதல் பஸ் இறங்கி, அரூரில் மாறி, இங்கே வந்து சேரப் பதினொன்றாகிவிடும். கணக்கு என் மனதில் சட்டென்று ஓடியது. ஒரு ராத்திரிதானே, அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். அவள் பஸ் ஸ்டாண்ட் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி என்கிறாள் என்று எடுத்துக்கொண்டு என் அத்தை வீட்டுக்கு அழைத்துப் போனேன். மறுநாள் பத்தரைக்கெல்லாம் அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. நான் பஸ் ஸ்டாண்டில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். அது உருகி அவள் மணிக்கட்டில் வழிந்தது.

ஊர் நுழைவில் தோரணம் இல்லை.

முந்தின நாள் விளக்கு வைத்த பிறகு வீடு வீடாகத் தலை எண்ணியிருக்கிறார்கள். ஒரு தலை குறைந்தது. காப்பை அவிழ்த்துவிட்டு நோம்பித் திருவிழாவையே நிறுத்திவிட்டார்கள். அவள் அம்மா வாசலுக்கு வந்து நின்றார். நான் தயாராக வைத்திருந்த பேச்சைத் தொடங்கினேன்: டோக்கன் முடிந்துவிட்டது, வேறு வழியில்லை, பெண்ணின் எதிர்காலம்.

“இந்தத் தேதி உனக்கு எப்பத் தெரியும்?” என்றார்.

பொய் சொல்ல வரவில்லை. “மூணு வாரமாத் தெரியும்ங்க.”

“மூணு வாரமா!” அவர் குரல் உடைந்தது. “ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன உனக்கு? போன வருசம் ஒரு பையன் போலீசு பரிட்சைக்குப் போகோணும்னு ஊரே எட்டு நாள் தள்ளித்தான் காப்பு கட்டுச்சு. எம்புள்ளைக்குத் தள்ளி வெக்க மாட்டாங்களா? நாங்க என்ன புள்ளைய மரத்துலயா கட்டிப்போடறோம்?”

அந்தப் பையனைப் பற்றி எனக்குத் தெரியாது. தள்ளி வைக்க முடியும் என்பதும் தெரியாது. தடுப்பார்கள் என்று மட்டும் உறுதியாகத் தெரிந்திருந்தது.

கல்லூரியில் சேரக் கடைசி நாளுக்கு முன்னால் மறுபடி போனேன். அவளும் அம்மாவும் சாமை அறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஊரில் அறுவடைக்குக் கூலியாள் கிடையாது. இன்றைக்கு உன் காட்டில் நாங்கள், நாளைக்கு எங்கள் காட்டில் நீங்கள். பக்கத்துக் காட்டில் பதினைந்து பேர் பேசிச் சிரித்தபடி அறுத்தார்கள். இவர்கள் காட்டில் இரண்டே பேர். அடுத்த நோம்பிவரை இவர்கள் காட்டுக்கு யாரும் வரக் கூடாது என்று ஊர் முடிவெடுத்திருந்தது. அவள் அப்பா கேரளத்துக்கு எஸ்டேட் வேலைக்குக் கிளம்பிவிட்டாராம்.

“நாளைக்குக் கடைசி நாள். வா, போயிரலாம்” என்றேன்.

“அம்மா ஒண்டியா எப்பிடிக்கா அறுக்கும்?”

“அடுத்த வருசம் இந்த இடம் இருக்காது.”

“தெரியும்ங்க.” அதுவரை என்னை அக்கா என்றவள். “நீங்க கெளம்புங்க. நின்னா அவங்க பாப்பாங்க.”

அம்மா நிமிரவே இல்லை. அறுக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அலுவலகத்தில் அவள் பெயருக்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. இடைநிற்றலுக்குக் காரணம்: திருமணம், வறுமை, தூரம், பெற்றோர் விருப்பமின்மை, பிற. ஒருங்கிணைப்பாளரிடம் போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டுக்கொண்டார். “பிறன்னு போட்டா ஒரு பக்கம் விளக்கம் எழுதணும்மா. மேலிடத்துல உன்னைத்தான் கேப்பாங்க. நாலாவதைப் போட்டுரு, எல்லாரும் அதைத்தான் போடறாங்க.”

போட்டேன்.

நான் வேலையை விட்டு ஒரு வருடமாகிறது. என் இடத்துக்கு வந்த பெண் கோப்பைப் படித்துவிட்டு என்னிடம் போனில் கேட்டாள்: “அந்த ஊர்ல பேரன்ட்ஸ் படிக்க வுட மாட்டாங்களாமே, நெசமாங்க?” இல்லை, அது நான் எழுதிய பொய் என்று சொன்னேன். போனில் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, அந்தக் காரணத்தாலேயே அந்த ஊரை ஏற்கெனவே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்றாள்.