மகளின் இடத்தில்

ஹூஸ்டனில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் எஞ்சினியராக இருந்த ஜெயபிரகாஷ், ஞாயிற்றுக்கிழமை ஆனால் வாத்தியாராகிவிடுவார். அமெரிக்கர்களின் ஆலயத்தை மதியத்துக்கு மேல் கேட்டு வாங்கித் தமிழ் ஆராதனை நடத்திவந்த சபை அது. அங்கே பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்தும் ஓய்வுநாள் பள்ளி அவர் பொறுப்பு. குற்றவாளி நிற்கவேண்டிய இடத்தில் குற்றமே இல்லாத ஏசு வந்து நின்றார், அடி அவர்மேல் விழுந்தது, நாம் தப்பினோம் என்று அவர் சொல்லும்போது, தமிழ் பாதிதான் புரிகிற பிள்ளைகள்கூட ஆடாமல் அசையாமல் கேட்பார்கள். 1997இல் பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில், சிலுவைப்பாட்டை நினைத்து மூன்று மணி நேரம் நடக்கும் அந்த ஆராதனையில், அவரையும் பேசச் சொல்லியிருந்தார்கள்.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம் அது நடந்தது.

மகள் பெனிட்டா கார் ஓட்டிப் பழகுவதற்கான பெர்மிட் வாங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கடைக்குப் போய்த் திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள். அப்பா பக்கத்தில். தெருமுனையில் வலப்பக்கம் திரும்பினாள். நேரே கண்ணில் வெயில். சைக்கிளில் வந்த மனிதரைப் பார்த்ததும் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டாள்.

ஜெயபிரகாஷ் இறங்கி ஓடினார். அறுபது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரர். கண் மூடியிருந்தது. மூச்சு இருந்தது. எதிர்வீட்டு அம்மாள் சத்தம் கேட்டு வெளியே வந்து, நிலைமையைப் பார்த்ததும் ஆம்புலன்சுக்குப் போன் செய்ய உள்ளே ஓடினாள். பெனிட்டா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உறைந்துபோயிருந்தாள். அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அவளை இறக்கி, புல்லில் உட்காரவைத்தார்.

"யார் கேட்டாலும் நீ பேசாத. அப்பாதான் ஓட்டுனேன். புரியுதா?"

போலீஸ்காரர் வந்து கேட்டதும் ஜெயபிரகாஷின் வாயிலிருந்து அது தடங்கலில்லாமல் வந்தது. நான்தான் ஓட்டினேன். போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். பிறகு காரை ஓரமாக நிறுத்தச் சொன்னார். ஜெயபிரகாஷ் ஏறி உட்கார்ந்தார், முழங்கால் இரண்டும் டேஷ்போர்டில் இடித்தன. மகளின் உயரத்துக்கு முன்னால் இழுத்துவைத்திருந்த சீட். ஆறடி மனிதர் அதில் மடங்கி உட்கார்ந்திருப்பதைப் போலீஸ்காரர் பார்த்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்தார்.  என்ன நினைத்தாரோ, அவர் ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டில் மனைவி ஜெயசீலியிடம் நடந்ததைச் சொன்னார். சொல்லும்போது குரலில் ஒரு நிம்மதிகூட இருந்தது. "எனக்கு என்ன வந்தாலும் வரட்டும். அவ ஸ்கூல், காலேஜ் எல்லாம் இருக்குல்லா? அவ இடத்துல நான் நின்னுட்டேன். இத்தனை வருசமா இதத்தான சொல்லிக்குடுக்கேன்."

ஜெயசீலி கை வேலையை நிறுத்தினாள்.

"ஏசப்பாவையா இதுல இழுக்கீங்க? அவரு பொய் சொல்லியா சிலுவைல ஏறுனாரு?"

"சத்தம் போடாத, பிள்ளைக்குக் கேக்கும்."

"கேக்கட்டும். பாவத்த மூடி மறைக்கவா அவரு செத்தாரு? ஊரு பூராவும் பாக்குற மாதிரி மேட்டுல வச்சுல்லா செத்தாரு. பாவம் இம்புட்டுப் பெருசுன்னு தெரியட்டும்னுதான். நீங்க செஞ்சதுக்குப் பேரு பரிகாரம் இல்ல. ஒளிச்சு வைக்குறது."

அவருக்குக் கோபம் வந்தது. சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ வேறு வரப்போகிறது, இப்போது மாற்றிச் சொன்னால் எல்லாம் போச்சு என்று கத்தினார். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். ஆபரேஷன் நடக்கிறது, உறவினருக்குத்தான் மற்றதைச் சொல்வோம் என்று வைத்துவிட்டார்கள். அந்த மனிதர் செத்துப்போனால்? அந்தச் சாவு யார் கணக்கில்? அந்தக் கேள்வி வந்ததும் அவருக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டிருந்தபோது பெனிட்டா வாசலில் வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது. நேற்றிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. அவள் ஆங்கிலத்தில்தான் பேசினாள்.

"அப்பா, நான் அவர்கிட்ட ஸாரி கூடச் சொல்ல முடியாது. அதையும் நீங்க எடுத்துக்கிட்டீங்க."

ஜெயபிரகாஷ் கட்டிலில் உட்கார்ந்தார். தண்டனையை வாங்கிக்கொண்டதாகத்தான் அதுவரை நினைத்திருந்தார். மகள் மனம் வருந்தி மன்னிப்புக் கேட்கிற வழியையே அடைத்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவர் நெஞ்சில் இறங்கியது. மனந்திரும்பாமல் மீட்பு இல்லை என்று அவரே எத்தனை முறை சொல்லியிருப்பார்!

சபை செயலருக்குப் போன் செய்தார். "அண்ணாச்சி, எனக்குப் பதிலா வேற யாரையாவது பேசச் சொல்லுங்க. எனக்கு இன்னைக்குத் தகுதி இல்ல." காரணம் கேட்குமுன் வைத்துவிட்டார்.

ஆராதனைக்குப் போகவேண்டிய நேரத்தில் மூவரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். நேற்றைய போலீஸ்காரரே வந்தார். பெனிட்டா எல்லாவற்றையும் சொன்னாள். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் ஜெயபிரகாஷைப் பார்த்தார்.

"அந்த சீட்டைப் பார்த்தப்பவே நினைச்சேன்" என்றார். பொய் வாக்குமூலம் குற்றம், கோர்ட்டுக்கு வரவேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

அப்படியே ஆனது. பெனிட்டாவின் பெர்மிட்டைப் பறித்தார்கள். ஜெயபிரகாஷுக்கு அபராதமும் சமூக சேவையும் விதித்தார்கள். ஆரஞ்சு நிற அங்கியை மாட்டிக்கொண்டு ஃப்ரீவே ஓரத்தில் குப்பை பொறுக்கினார். சபையார் சிலர் காரில் போகும்போது பார்த்தார்கள், சிலர் பார்க்காததுபோல் போனார்கள். சிட்டிசன்ஷிப் வருஷக்கணக்கில் தள்ளிப்போனது. ஓய்வுநாள் பள்ளியை அவரே விட்டுவிட்டார். பெற்றோர்கள் போய்க் கேட்டுக்கொண்ட பிறகு, ஒரு வருஷம் கழித்துத்தான் திரும்ப வந்தார்.

சைக்கிளில் வந்து அடிபட்ட ஹாலிஸ் பிழைத்துக்கொண்டார். ஒரு கால் மட்டும் பழையபடி வரவில்லை. விபத்து நடந்த மூன்றாவது வாரமே, மன்னிப்புக் கேட்க வர விரும்பும் பெண்ணைப் பார்க்கச் சம்மதம் என்று சொல்லியனுப்பினார்.

ஆஸ்பத்திரியில் ஹாலிஸின் அறைவரை ஜெயபிரகாஷ் மகளோடு நடந்தார். கதவருகே அவள் நின்றாள்.

"நீங்க வராதீங்க, அப்பா."

கதவு மூடியது. உள்ளே அவள் விசும்புவது கேட்டது. பிறகு ஹாலிஸின் உரத்த குரல். அவர் கோபமாகத்தான் பேசினார். உள்ளே போய் மகளுக்கு முன்னால் நிற்கவேண்டும் என்று ஜெயபிரகாஷின் உடம்பெல்லாம் துடித்தது. சுவரில் சாய்ந்து, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

வெகுநேரம் கழித்து வெளியே வந்தவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் கோபமாத்தான் இருக்கார்" என்றாள். "அடுத்த வாரமும் வரச் சொன்னார்."