கொக்கி மாட்டுகிற இடம்

சிங்கப்பூரில் தினமும் காலை எட்டு மணிக்கு ஒருவர் என்னைப் பின்னாலிருந்து பிடித்து இழுக்கிறார். பெயர் லிம். நான் வேலை செய்யும் கட்டடத்தின் ஃபோர்மேன், அறுபதைத் தாண்டிய சீனர். நாங்கள் அங்கிள் என்போம். மேலே ஏறும் முன் எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். தோளையும் தொடையையும் சுற்றி மாட்டியிருக்கும் பெல்ட்டுக்கு, கொக்கி வைத்த வாரோடு முதுகில் ஒரு வளையம் உண்டு. அதைப் பிடித்து ஒரு இழுப்பு. ஆள் ஆடாமல் நின்றால் "ஓகே, கேன்" என்பார், ஏறலாம் என்று அர்த்தம். பிறகு அவர் திரும்பி நிற்பார், நான் அவரை இழுக்க வேண்டும். முதல் நாள் எனக்கு இது தெரியாது. எங்கள் அம்பத்தூர் பக்கம் எவனாவது பின்னாலிருந்து பிடித்து இழுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கையை ஓங்கிக்கொண்டே திரும்பினேன். அங்கிளோ பெல்ட் இறுக்குகிறது என்று நினைத்துவிட்டார். "டைட் ஆ?" என்று கேட்டு, தோள்வாரை அக்கறையாகத் தளர்த்திவிட்டு மறுபடியும் இழுத்தார். நான் ஓங்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தலையைச் சொறிந்தேன்.

ஊரில் நானும் சேட்டுவும் ஒரே செட்டு. அம்பத்தூரில் கம்பெனி கட்டடங்களுக்கு அவன் சுவர் கட்டுவான், நான் கம்பி கட்டுவேன். மூன்றாவது மாடி விளிம்பில் பாதிப் பாதம் வெளியே நீட்டியிருக்க நின்று டீ குடிப்போம். கைப்பிடிச் சுவரும் கிடையாது, கயிறும் கிடையாது. அப்போது பயந்ததாக நினைவே இல்லை. இங்கே இடுப்பளவுக்கு இரண்டு வரிசைக் குழாய் போட்டு, வலை கட்டி, முதுகில் கொக்கியும் மாட்டிய பிறகுதான் எனக்குக் கீழே பார்க்கப் பயம் வந்தது. இது எப்படி என்று பல நாள் யோசித்திருக்கிறேன். தடுப்பைப் பார்த்த பிறகுதான் அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று மனம் கணக்குப் போடுகிறதோ? அப்படியென்றால் அம்பத்தூரில் எங்களிடம் இருந்தது தைரியமா, யோசிக்காமை மட்டும்தானா? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

போன முறை லீவில் போனபோது நெமிலிச்சேரியில் எங்கள் வீட்டுக்கு இரண்டாவது மாடி எழும்பிக்கொண்டிருந்தது. மேஸ்திரி சேட்டுதான், அவன் மனைவி தேவி அங்கேயே சித்தாள். பெட்டியில் எல்லோருக்கும் கோடாலித் தைலமும் சாக்லேட்டும். சேட்டுவுக்கு மட்டும் புத்தம் புதிய பெல்ட் ஒன்று. மாட்டிவிட்டதும் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"சோக்கா கீது மச்சான். இன்னாத்துக்கு இம்மாம் செலவு?"

"விளிம்புல நிக்கும்போது கழட்டாதே. அது போதும்."

"அங்க போயி நல்லா பயந்துகினு வந்துகீற நீ" என்று சிரித்தான். ஆனால் கழற்றவில்லை. தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் மேலிருந்தே காட்டினான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவனைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்தேன்.

மேலே, தெருவைப் பார்த்த மூலையில், திருஷ்டி பொம்மை நின்றது. வைக்கோல் அடைத்து, பூசணிக்காய் அளவுக்குத் தலை வைத்து, சேட்டுவின் பழைய நீலக் கட்டம் போட்ட சட்டையை மாட்டியிருந்தார்கள். அதைத் தாங்கிய சவுக்குக் கட்டையைச் செங்கல் அடுக்கின் நடுவே செருகிச் சணலால் சுற்றியிருந்தான். மறுநாள் காலை நான் படியேறி மேலே தலைகாட்டியபோது, அவன் விளிம்பில் குனிந்து தூக்குக்குண்டு விட்டுச் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். கொக்கியை அந்தச் சவுக்குக் கட்டையில் மாட்டியிருந்தான்.

"டேய், அதுல ஏன்டா மாட்டுன?"

"ஊட்டையே காப்பாத்துது, என்னிய காப்பாத்தாதா?" என்று குனிந்தபடியே சொல்லி, இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தான்.

வார் விறைத்தது. செங்கற்கள் சரிந்தன, கட்டை பிடுங்கிக்கொண்டு வந்தது. சேட்டு பக்கத்துத் தூணின் கம்பியை ஒரு கையால் எட்டிப் பிடித்தான். பிடித்தது அவன் கைதான், என் பெல்ட் இல்லை. பொம்மை கட்டையிலிருந்து கழன்று விளிம்பைத் தாண்டி விழுந்தது.

கீழே மணல் சலித்துக்கொண்டிருந்த தேவி பார்த்தது, மேலிருந்து விழுந்த நீலக் கட்டம் போட்ட சட்டையை மட்டும். அவள் போட்ட சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது. ஓடிப்போய் வாரி மடியில் போட்டுக்கொண்டாள். கையில் வைக்கோல் வந்தபோதும் அவளுக்கு உடனே புரியவில்லை. சட்டையை நீவிக்கொண்டே இருந்தாள். நாங்கள் இறங்கி வந்தோம். சேட்டுவின் உள்ளங்கை கிழிந்து ரத்தம் சொட்டியது, பெல்ட்டில் வெறும் கட்டை தொங்கியது. அவனை அவள் திட்டாத திட்டில்லை. பிறகு என்னைப் பார்த்தாள்.

"பெல்ட்டு நீதான குடுத்த?"

"ஆமாம்மா."

"மாட்டுறதுக்கு எடம் யாரு குடுப்பா?"

வெட்கமாக இருந்தது. சிங்கப்பூரில் நான் மேலே போவதற்கு முன்பே கொக்கி மாட்ட இரும்புக்கயிறு கட்டித் தயாராக இருக்கும். எட்டு வருடத்தில் ஒரு நாளாவது அதை யார் கட்டினார்கள், எதில் கட்டினார்கள் என்று நிமிர்ந்து பார்த்ததில்லை. கொக்கியைக் காட்டினால் அது தானாக மாட்டிக்கொள்ளும் என்பதுபோல, பெல்ட்டை மட்டும் பெட்டியில் வைத்துக் கொண்டுபோயிருந்தேன்.

அன்றைக்கு ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. சென்ட்ரிங் குழாய்களை வாங்கிவந்து, விளிம்பு முழுக்க இடுப்பளவுக்கும் முழங்காலளவுக்கும் கட்டினோம். உள்பக்கம், கான்கிரீட் இறுகிய தூண்களின் அடியில் தடித்த கயிற்றைச் சுற்றி இழுத்துக் கொக்கிக்கு இடம் செய்தோம். நானும் சேட்டுவும் சேர்ந்து தொங்கி இழுத்துப் பார்த்த பிறகுதான் தேவி சரி என்றாள். அங்கிள் என்னை இழுக்கும் கதையை அவளிடம் சொல்லியிருந்தேன். அடுத்த நாளிலிருந்து படியடியில் நின்று, சேட்டுவின் முதுகு வளையத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்துத்தான் மேலே அனுப்பினாள்.

நான் கிளம்பும் நாள், கடைசியாக மாடியை ஒருமுறை பார்க்கலாம் என்று படியில் கால் வைத்தேன். பின்னாலிருந்து தேவியின் கை வந்தது. சட்டைதான் அகப்பட்டது.

"பெல்ட்டு எங்கண்ணா?"

"ஒண்ணுதானேம்மா இருக்கு, அவன் போட்டுக்கினு கீறான்."

"அப்ப நீ மேல போவாத."

"என் ஊடும்மா அது."

"இருந்துட்டுப் போவட்டும்."

ஏறவில்லை. விமான நிலையத்துக்குக் கிளம்பிவிட்டேன். அந்த மாடி இப்போது முடிந்து, கைப்பிடிச் சுவரும் வந்துவிட்டது, படம் அனுப்பியிருந்தார்கள். நான் இன்னும் அதில் நின்றதில்லை. இங்கே நாற்பதாவது மாடி வரை ஏறுகிறேன். காலையில் அங்கிள் வளையத்தைப் பிடித்து இழுக்கும்போது ஒரு நொடி, நெமிலிச்சேரியில் படியடியில்தான் நிற்கிறேன். அப்புறம் "ஓகே, கேன்" என்கிறார். யாருடைய வீட்டுக்கோ மேலே ஏறிப் போகிறேன்.