மாஸ்டர் சிலிண்டர் தேடிப் போன மோப்பம்

அவருக்கு மோப்பம் என்று பெயர் வைத்தவர்கள் மில் தொழிலாளர்கள். வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. துணி மில்லின் வாசலில் முப்பத்தோரு வருஷம் நின்று, ஷிப்ட் முடிந்து போகிற ஒவ்வொருத்தரின் சட்டைப்பை, இடுப்பு, சாப்பாட்டு டப்பா எல்லாவற்றையும் தடவிப் பார்த்து வெளியே விட்டவர் அவர். ஒரு நூல்கண்டு கூட வாசலைத் தாண்டக் கூடாது. அத்தனை வருஷத்தில் கையும் களவுமாகப் பிடிபட்டவர்கள் நாலே பேர். மற்ற ஆயிரம் பேரும் யோக்கியர்கள் என்றா நினைத்தார்? கிடையவே கிடையாது. அவர்கள் கெட்டிக்காரத் திருடர்கள், அதனால் மாட்டவில்லை என்று நினைத்தார். இப்படியும் ஒரு மனுஷன்!

மில்லை மூடியபோது பின்கொட்டகையில் ஒரு நீளமான அமெரிக்க கார் நின்றது. பெரிய முதலாளி ஓட்டியது. அவர் காலமான பிறகு பதினெட்டு வருஷமாக யாரும் தொடவில்லை. இடத்தை விற்க வந்த மகன், "இத்தனை வருஷம் காவல் காத்திருக்கீங்க, நீங்களே வச்சுக்கங்க" என்று சொல்லி முறையாக எழுதியும் கொடுத்துவிட்டான். வேறு ஒருத்தராக இருந்தால் தலைகால் புரியாமல் குதித்திருப்பார். மோப்பத்துக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. சும்மா ஏன் கொடுக்கிறான்? உள்ளே என்ன இருக்கிறது? சீட்டைக் கழற்றினார், டிக்கியில் விரித்திருந்த ரப்பரை உரித்தார், கதவைத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டார். கிடைத்தது ஒரு பல் போன சீப்பு. பத்திரத்தை இரண்டு வக்கீல்களிடம் காட்டினார், ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவரிடம். இரண்டு பேரும் எல்லாம் சரி என்றே சொன்னார்கள். "ரெண்டு பேரும் சொல்லி வச்ச மாதிரி பேசறானுங்க" என்று அதற்கும் ஒரு சந்தேகம்.

அது என்ன கம்பெனி கார், எந்த வருஷம் என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவர் என்னையும் சும்மா விடமாட்டார்.

வீட்டுப் பக்கச் சுவரை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு அதில் காரை நிறுத்தினார். அளவெடுத்துத்தான் போட்டார், ஆனாலும் காரின் வால் ஒரு முழம் தெருவில் நீட்டிக்கொண்டே நின்றது. சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கார் மேல் அவருக்கு உயிர். வேலை போன பிறகு காலையில் எழுந்து போவதற்கு அவருக்கு வேறு இடமும் இல்லை. தினமும் பழைய வேஷ்டித் துணியால் அதைத் துடைப்பார். துடைத்து முடித்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று தெருவை இரண்டு பக்கமும் பார்ப்பார்.

வண்டியை ஓட வைக்க ஆள் வேண்டுமே? மனைவியின் தம்பி பஸ் டிப்போவில் பிட்டர். பிரேக் வேலையில் புலி. ஞாயிறுதோறும் வந்து காருக்கு அடியில் படுத்துவிடுவான். கூலி பேசவில்லை, அக்கா கையால் சாப்பிட்டுவிட்டுப் போவான். எட்டு மாதத்தில் இஞ்சினை உறும வைத்துவிட்டான். இவ்வளவு பாடுபடுகிறவன் மேல் மோப்பத்துக்கு என்ன தோன்றியது தெரியுமா? இவனுக்கு இதில் என்ன லாபம்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்புரேட்டரிலிருந்து கழற்றி வைத்த பித்தளைத் திருகு ஒன்றைக் காணவில்லை. விரல்நகம் அளவுதான் இருக்கும். மச்சினன் கை கழுவிவிட்டுக் கிளம்பினான். கொட்டகை வாசலில் மோப்பம் குறுக்கே நின்றார்.

"ஒரு நிமிஷம் மாப்ளே" என்றவர், மில் வாசலில் நின்ற அதே தோரணையில் அவன் சட்டைப்பையில் கையை விட்டார். இடுப்பைத் தடவினார். கால்சட்டைப் பையை வெளியே இழுத்துப் பார்த்தார். அக்கா தட்டோடு வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாள். தடவி முடிக்கும் வரை மச்சினன் நின்றான், பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அடுத்த ஞாயிறு வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

திருகு மறுநாளே கிடைத்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று இவரே ஷேவிங் டப்பாவுக்குள் போட்டு வைத்திருந்தார். இதை யாரிடமாவது சொன்னாரா? மூச்சு விடவில்லை.

இந்தச் சமயம் பார்த்து நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது. ஓடாத வண்டி தெருவை அடைக்கிறதாம். முப்பது நாளுக்குள் வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் சோதனைக்கு ஓட்டிக் காட்டித் தகுதிச் சான்று வாங்க வேண்டும், இல்லையென்றால் பழைய இரும்புக்குத் தூக்கிப் போய்விடுவார்கள். இஞ்சின் ஓடுகிறது, பிரேக் பிடிக்கவில்லை. பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைச் சக்கரத்துக்குத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் உள்ளே துருப்பிடித்துப் போயிருந்தது. அதற்கு மாற்று வேண்டும்.

பழைய கார் பார்ட்ஸ் விற்கிறவர்கள் ஏழெட்டுப் பேரின் போன் நம்பர் மச்சினன் முன்பே எழுதிக் கொடுத்திருந்த தாளில் இருந்தது. மோப்பம் அவர்களிடம் விசாரித்த லட்சணம் இருக்கிறதே! ஒருவரிடம் வண்டி நீலம் என்றார், இன்னொருவரிடம் பச்சை என்றார். ஊர் பெயரை மாற்றினார். மாஸ்டர் சிலிண்டர் வேண்டும் என்று நேராகக் கேட்டால் தலையில் மிளகாய் அரைத்துவிடுவார்கள் என்று, முதலில் வைப்பர் கேட்டு, பிறகு கண்ணாடி கேட்டு, கடைசியில் போகிற போக்கில் கேட்கிற மாதிரி சிலிண்டரைக் கேட்டார். கேட்டவர்கள் குழம்பிப் போனார்கள்.

ஒரே ஒரு அம்மாள்தான் பொறுமையாகப் பதில் சொன்னாள். துறைமுக ஊரில், மாமனார் விட்டுப்போன பழைய பார்ட்ஸ் கிடங்கை நடத்துகிறவள். வியாபாரிகள் எல்லாரும் அவளைக் கிடங்கம்மா என்பார்கள். "சார், உங்க கார் வந்த வருஷம் பாதியில கம்பெனிக்காரன் சிலிண்டரை மாத்திட்டான். வெளியில பார்க்க ரெண்டும் ஒண்ணுதான். உள்ள துவாரம் வேற. தப்பா மாட்டினா முதல் வாரம் பிடிக்கும், அப்புறம் எங்கயாவது கொண்டுபோய் மோதும். டிரைவர் கதவோரத்துல சின்னத் தகடு இருக்கும் பாருங்க, அதுல இருக்கிற நம்பரை அனுப்புங்க, பார்த்துச் சொல்றேன்" என்றாள். அதற்குள் ஆயில் எப்படி மாற்றுவது, பைப்பில் காற்றை எப்படி எடுப்பது என்று அரைமணி நேரம் யோசனையும் சொன்னாள். ஒரு பைசா கேட்கவில்லை.

அங்கேதான் மோப்பத்துக்கு மூக்கு வியர்த்தது. நம்பர் எதற்கு? நம்பரை வைத்துக் கள்ளப் பத்திரம் போட்டு, நாளைக்கு நாலு ஆளோடு வந்து இது எங்கள் வண்டி என்று சொன்னால்? யாரை ஏமாற்றப் பார்க்கிறாள்! தகட்டில் இருந்த நம்பரில் இரண்டு எழுத்தை மாற்றி அனுப்பிவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்தார்.

இரண்டு நாள் பதில் இல்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. வேறு கடைக்காரரைக் கூப்பிட்டார், அவரும் எடுக்கவில்லை. மூன்றாவது ஆள் எடுத்து, "அய்யா, நம்பர் சரியில்லாத வண்டிக்கு இந்தத் தொழில்ல யாரும் ஒரு போல்ட்டு கூடத் தரமாட்டோம். கிடங்கம்மா எல்லாருக்கும் சொல்லிட்டாங்க. நீங்க அனுப்பின நம்பர்ல கம்பெனி வண்டியே செய்யலையாம். மாத்தின நம்பர்னா திருட்டு வண்டின்னு அர்த்தம். வச்சிடுங்க" என்று வைத்துவிட்டார்.

திருட்டு வண்டி! மோப்பத்துக்குத் தலையில் இடி விழுந்தது. தன்னை ஒருத்தன் திருடன் என்று சொல்வதா? அன்று முழுக்கச் சுவரிடம் கத்தினார். மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நோட்டீஸில் இன்னும் பதினோரு நாள் பாக்கி. நேரில் போய் நிரூபிப்பது என்று முடிவு செய்தார். போட்டோ காட்டினால் நம்பமாட்டாள், அசலையே காட்ட வேண்டும். உளியையும் சுத்தியலையும் எடுத்துப் போய், கம்பெனிக்காரன் அடித்த இரண்டு ரிவெட் ஆணியையும் வெட்டித் தகட்டைப் பெயர்த்தெடுத்தார். அதைக் கைக்குட்டையில் சுற்றி உள்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காலை பஸ் ஏறினார். வழியெல்லாம் பக்கத்து சீட்டுக்காரனை முறைத்துக்கொண்டே போனார். அந்த ஆள் பாவம், தூங்கிக்கொண்டு வந்தான்.

கிடங்கு நீளமாக இருந்தது. கூரை வரைக்கும் இரும்பு அலமாரிகள். ஒவ்வொரு சாமானிலும் அட்டைச் சீட்டு நூலால் கட்டித் தொங்கியது. கிரீஸ் வாடை மூக்கைத் துளைத்தது. கிடங்கம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தாள். மோப்பம் வந்த வேகத்தில் தகட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"பாருங்கம்மா. அசல் நம்பர் இதுதான். நான் ஒண்ணும் திருடன் இல்ல."

அவள் தகட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "இதை வண்டியிலேருந்து யாரு வெட்டினது?"

"நான்தான்."

"ஏன் சார், இந்தத் தகட்டை உளி வச்சு வெட்டிப் பையில போட்டுக்கிட்டு யாரு சுத்துவான்னு உங்களுக்குத் தெரியுமா?"

கிடங்கு வாசலில் நின்ற காவல்காரன் ஒரு அடி உள்ளே வந்து நின்றுகொண்டான். அந்த நிற்பு மோப்பத்துக்கு நன்றாகப் புரிந்தது.

"முதல்ல எதுக்குப் பொய் நம்பர் அனுப்பினீங்க?" என்றாள் அவள்.

"நீங்க... நம்பரை வச்சு வண்டியை அடிச்சிட்டுப் போயிடுவீங்கன்னு நினைச்சேன்."

அவள் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. "சரி, ஒண்ணு கேக்கிறேன். இதே நம்பரை வண்டியோட அடிச்சட்டத்துலயும் குத்தியிருப்பான். அடியில படுத்து வேலை பார்த்த சொந்தக்காரனுக்குத்தான் அது எங்கன்னு தெரியும். சொல்லுங்க பார்க்கலாம்."

மோப்பம் காருக்கு அடியில் ஒரு நாளும் படுத்ததில்லை. படுத்தவன் ஒருத்தன்தான். வேறு வழி இல்லை, போனை எடுத்து அவனைக் கூப்பிட்டார். அவள் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்தாள்.

"மாப்ளே... வண்டி அடிச்சட்டத்துல நம்பர் எங்க இருக்கு?"

அந்தப் பக்கம் டிப்போச் சத்தம் கேட்டது. பிறகு மச்சினன் நிதானமாகச் சொன்னான். "இடது பக்கம், பின்சக்கரத்துக்கு மேல, வளைவுல. ஒரு இன்ச் கிரீஸ் இருந்துச்சு, சுரண்டித் துடைச்சு வச்சேன்." கேட்காமலே நம்பரையும் முழுசாகச் சொன்னான், மனப்பாடமாக. கிடங்கம்மா தகட்டின் மேல் விரலை ஒவ்வொரு எழுத்தாக நகர்த்திக்கொண்டு வந்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

"தம்பி, நான் கிடங்கு வச்சிருக்கிறவ பேசறேன். இவரை நம்பிச் சாமான் கொடுக்கலாமா?"

இவன் இப்போது என்ன சொன்னாலும் நியாயம்தான் என்று மோப்பத்துக்கே தெரிந்தது.

"தாராளமா குடுங்கம்மா. அடுத்தவன் பொருள்ல ஒரு ஆணியைக் கூடத் தொடமாட்டார்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டான்.

கிடங்கம்மா சிலிண்டரை எடுத்து வந்து, அட்டைச் சீட்டை அறுத்து, பெட்டியில் வைத்துக் கொடுத்தாள். மற்றவர்களுக்கும் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன் என்றாள். தகட்டைப் பழைய துளையிலேயே புது ரிவெட் போட்டு அடிக்கச் சொன்னாள். "அதிகாரி கேள்வி கேப்பான். அந்தத் தம்பியைக் கூடக் கூட்டிட்டுப் போய் அடிச்சட்ட நம்பரைக் காட்டச் சொல்லுங்க. உங்களைத் தனியா அனுப்பினா நீங்க அங்கயும் ஏதாவது செஞ்சு வைப்பீங்க." திட்டிவிட்டுத்தான் அனுப்பினாள். மோப்பம் தலையை ஆட்டினார்.

மச்சினனை அக்காதான் கூப்பிட்டாள். வந்தான். இரண்டு சாயங்காலம் வேலை செய்தான். சிலிண்டரை மாட்டி, காற்றை எடுத்து, நாலு சக்கரத்தையும் பார்த்தான். பேச்சு அக்காவோடு மட்டும்தான். இவர் டார்ச் அடித்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி என்று கையால் காட்டினான்.

கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் வண்டியை மச்சினனே ஓட்டிக் காட்டினான். அதிகாரி தகட்டைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். மச்சினன் தரையில் படுத்து அடிச்சட்ட நம்பரைக் காட்டினான். பிறகு பிரேக் சோதனை. வெள்ளைக் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் அந்த நீளக் கார் ஆணி அடித்த மாதிரி நின்றது. சான்றிதழில் முத்திரை விழுந்தது. பின்சீட்டில் இருந்த அக்கா கை தட்டினாள். மோப்பத்துக்குக் கண் கலங்கிவிட்டது, வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மச்சினன் இறங்கி, சாவியை அக்கா கையில் கொடுத்துவிட்டு பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தான். மோப்பம் பின்னாலேயே ஓடினார்.

"மாப்ளே, ஏறு. வீட்டுக்குப் போலாம்."

"இல்ல அத்தான், பஸ் வந்துடும்."

"அந்தத் திருகு கிடைச்சிடுச்சுடா. மறுநாளே கிடைச்சிடுச்சு. நான்தான் வச்சிருந்தேன். சொல்லாம இருந்துட்டேன். என்னை மன்னிச்சிடுடா."

"தெரியும் அத்தான். அக்கா அன்னைக்கே பார்த்துட்டுச் சொன்னா." அவன் முகத்தில் கோபம் எதுவும் இல்லை, அதுதான் மோப்பத்தைக் கொன்றது. "எனக்கு உங்க மேல வருத்தமெல்லாம் இல்ல. ஆனா இந்த ரெண்டு நாளும் உங்க வீட்டுக்குக் கிளம்பும்போது பீரோவுல பை இல்லாத சட்டையாத் தேடிக்கிட்டு இருந்தேன். அது மட்டும் என்னால விட முடியல."

பஸ் வந்தது, ஏறிக்கொண்டான். அவன் போட்டிருந்த சட்டையில் பை தைத்த இடம் பிரிக்கப்பட்டு, நூல் தடம் மட்டும் தெரிந்ததை மோப்பம் அப்போதுதான் பார்த்தார்.