கோவர்த்தனனின் அந்தமான் பயணம்

எங்கள் நகரியில் அந்தமானைப் பற்றி எல்லாம் தெரிந்தவர் ஒருவர்தான். நூல்கடைக் கணக்குப்பிள்ளை கோவர்த்தனன். அவர் அந்தமானுக்குப் போனதில்லை. அந்தமான் என்ன, கடலையே பார்த்ததில்லை. ஆனாலும் கப்பலில் வாந்தி வந்தால் என்ன செய்யவேண்டும் என்று யார் கேட்டாலும் சொல்லுவார். யாரும் கேட்காததால் அவராகவே சொல்லிவிடுவார்.

இத்தனைக்கும் காரணம் அவர் மனைவி சந்திரம்மாவின் தம்பி கன்னையா. தாய் தகப்பன் இல்லாத அவனை இடுப்பில் வைத்து வளர்த்தவள் சந்திரம்மாதான். அவன் அந்தமானில் மரம் வெட்டும் வேலைக்குப் போனான், அங்கேயே இந்திராணி என்று ஒருத்தியைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டான். அக்காவை அழைத்துக்கொண்டு ஒரு தடவை வந்து போங்கள் என்று கடிதம் எழுதினான். தென்னைமரம் ஏறித் தேங்காயை உடைத்துத் தின்னும் நண்டு அந்தப் பக்கத்துத் தீவுகளில் உண்டு என்றும் அதில் ஒரு வரி இருந்தது. அவன் எழுதியது அக்கா வரவேண்டும் என்று. கோவர்த்தனன் பிடித்துக்கொண்டது நண்டை.

சந்திரம்மாவுக்கு நண்டும் வேண்டாம், ஆமையும் வேண்டாம். தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்து அவன் சங்கதியை அவன் வாயால் கேட்கவேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான்.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் ஏற்பாடு தொடங்கியது. டிரங்குப் பெட்டி வந்தது. கொசுவலை வந்தது. பள்ளிக்கூட வாத்தியாரை நச்சரித்து வாங்கிய பழைய தேசப்படம் சுவரில் ஏறியது. போய்த் திரும்புவது நல்லபடியாக நடக்கவேண்டும் என்று திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டார். முடி வளர்ந்தது, பயணம் நகரவில்லை. வேண்டுதல் பழசாகிவிட்டது என்று மறுபடி போய் மொட்டை போட்டார். அதற்கப்புறம் இன்னொன்று. போகாத ஊருக்கு மூன்று மொட்டை போட்ட பக்தரைப் பெருமாள் அதுவரை பார்த்திருக்கமாட்டார்.

ஏன் போகவில்லை என்று கேட்டால் ராஜ்யத்தைக் காட்டுவார். அந்த வருஷம்தான் மெட்ராஸிலிருந்து ஆந்திரா பிரிந்தது. எங்கள் சித்தூர் ஜில்லா ஆந்திராவோடு போயிற்று. நாங்கள் தமிழர்கள், மெட்ராஸோடுதான் இருப்போம் என்று ஊரில் கூட்டம் போட்டார்கள். எல்லையைத் தீர்த்து வைக்கிறோம் என்று டில்லியிலும் பேசினார்கள். இவ்வளவு நடக்கும்போது கோவர்த்தனன் ஊரை விட்டுக் கிளம்பினால் நகரியை யார் பார்த்துக்கொள்வது?

"போவசொல்ல ஆந்திரா, திரும்பி வரசொல்ல மெட்ராஸுன்னா இன்னா பண்றது? நாம எந்த ராஜ்யத்துக்குத் திரும்பறது?" என்று ஓட்டல்காரர் ரங்கையாவிடம் ஒருநாள் கேட்டார்.

"இண்டிக்கே திரும்பி வாங்க கோவர்த்தனங்காரு. வூடு எங்கயும் போவாது" என்றார் ரங்கையா, பாதித் தெலுங்கில்.

"உனக்கு இதெல்லாம் புரியாது" என்று கோவர்த்தனன் காப்பியைக் குடித்து முடித்தார். எங்களுக்கும் புரியவில்லை.

தீபாவளிக்குத் தீபாவளி சந்திரம்மா கேட்பாள். எல்லை முடிவாகட்டும் என்பார் இவர். இந்தத் தை மாசம் நிச்சயம் வருகிறோம் என்று கன்னையாவுக்கு ஒரு கார்டு மட்டும் தவறாமல் போகும். எந்த வருஷத்துத் தை என்று எழுதுகிற வழக்கம் அவருக்கில்லை.

அறுபதில் எல்லை முடிவானது. திருத்தணி மெட்ராஸுக்குப் போயிற்று. சத்தியவேடு ஆந்திராவுக்கு வந்தது. நகரி இருந்த இடத்திலேயே இருந்தது. கோவர்த்தனனும் அப்படியே இருந்தார்.

அந்த வருஷம் ஒருநாள் மத்தியானம் கன்னையாவே வந்து நின்றான். மெட்ராஸ் துறைமுகத்துக்குக் கப்பலில் மரம் வந்திருக்கிறது, அதோடு கூட அனுப்பினார்கள், சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடவேண்டும் என்றான். நாலு பஸ்ஸுக்கு ஆள் சேர்ந்ததுபோல் தெருவே வாசலில் கூடிவிட்டது. நானும்தான் போனேன், கன்னையா அந்தமான் கதை சொல்லுவான் என்று.

சொன்னது கோவர்த்தனன். மைத்துனனைத் தேசப்படத்துக்குக் கீழே உட்கார வைத்து இலை போட்டார்கள். முதல் கவளம் அவன் வாய்க்குப் போவதற்குள் இவர் ஆரம்பித்துவிட்டார்.

"கன்னையா, அந்த நண்டு கீதே, கொடுக்கு மட்டும் இத்தாம் பெருசு இருக்கும். தேங்காய எப்பிடி ஒடைக்கும் தெரியுமா?"

"சொல்லுங்க மாமா" என்றான் அந்தமானிலிருந்து வந்தவன்.

சொன்னார். நண்டு முடிந்து ஆமை வந்தது. ஆமை முடிந்து மரம் இழுக்கும் யானை. அந்த யானைகளோடு தினமும் வேலை செய்கிறவன் தலையை ஆட்டிக்கொண்டே சாப்பிட்டான். சந்திரம்மா வாயைத் திறந்தபோதெல்லாம் இவர், "தம்பிக்கு ரசம் ஊத்து" என்பார், விட்ட இடத்திலிருந்து தொடருவார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் வாயில் அந்தக் கொசுவலையைத் திணிக்கலாமா என்று இருந்தது. அடுத்த வீட்டு விவகாரம் என்று விட்டுவிட்டேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கன்னையா கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். இவர் யானையை முடித்துப் பருவக்காற்றுக்கு வந்திருந்தார். சந்திரம்மா ரசச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"செத்த சும்மா இருங்க" என்றாள். புருஷனிடம் அவள் அப்படிப் பேசி நாங்கள் கேட்டதில்லை. "வந்ததுலேர்ந்து நீங்களே பேசிக்கினு கீறீங்க. எந்தம்பி எப்பிடிக் கீறான்னு நான் கேக்கணும்."

அவன் பக்கம் திரும்பினாள். "கன்னையா, நல்லாக் கீறியாடா?"

"இல்லக்கா" என்றான்.

ஈரக் கையை வேட்டியில் துடைத்தான். "இந்திராணி பூட்டாக்கா. காய்ச்சல்ல. வர ஆடி வந்தா ரெண்டு வருசம். கடுதாசியில எழுத மனசு வர்ல. தையில வரோம், தையில வரோம்னு மாமா எழுதிக்கினே இருந்தாரு. நீ வந்தப்புறம் நேர்ல சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன்."

சந்திரம்மா சத்தம் போட்டு அழவில்லை. அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவன் முதுகில் கையை வைத்தாள்.

கோவர்த்தனன் எழுந்து வெளியே வந்தார். கதவைச் சாத்தினார். வாசலில் நின்ற எங்களில் ஒருத்தர் முகத்தையும் அவர் பார்க்கவில்லை.

"எல்லாரும் வூட்டுக்குப் போங்க" என்றார். "பஸ்ஸுக்கு இன்னும் அரைமணி நேரம் கீது. அவங்க பேசட்டும்."