பத்து மீன்களும் தங்கச்சியின் கைராசியும்

மீன்தொட்டியைச் சவர்க்காரம் போட்டு, கொதிநீர் ஊற்றித் தேய்த்துக் கழுவிய மடையன் நான்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இன்றைக்கும் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தின் எலுமிச்சை வாசனை மூக்கில் ஏறினால், என் கண்ணுக்குள் பத்துச் சிறு மீன்கள் புரளும்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஜெர்மனியில், டோர்ட்மண்டில் ஒரு பழைய மாடிக் கட்டடத்தில் இருந்தோம். கீழ்வீட்டு ஹெர் போல்மன் முதியோர் இல்லத்துக்குப் போகுமுன் தன் மீன்களை யாருக்கோ கொடுத்துவிட்டு, தொட்டியை எங்களுக்குத் தந்தார். கூடவே தண்ணீர் வடிக்கும் பெட்டியும், அதற்குள் மண்ணிறச் சளி பிடித்த ஒரு பஞ்சும் வந்தன. அந்தப் பஞ்சைக் கழுவவே வேண்டாம், மீனின் கழிவைத் தின்று தண்ணீரை நஞ்சாகாமல் காக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அந்தச் சளியில்தான் வாழ்கின்றன, அப்படியிருந்தும் முதலில் இரண்டு மீன்களை மட்டும் விட்டு, சில கிழமைகள் பொறுத்துத்தான் மற்றவற்றை விடவேண்டும் என்று அவர் வாசலில் நின்று விரல் மடக்கி மடக்கிச் சொன்னார்.

சொன்னது என்னிடம். எங்கள் வீட்டின் மொழிபெயர்ப்பாளன் நான்தானே. டாக்டரைப் பார்க்கும் டெர்மின் நேரம், நகரசபைக் கடிதம், பள்ளிக்கூடப் பெற்றோர் கூட்டம் எல்லாம் என் வாய் வழியாகவே அம்மாவிடம் போய்ச் சேரும். போகும் வழியில் சில திருத்தங்களும் நடக்கும். "பிள்ளை வகுப்பில் ஓயாமல் பேசுகிறான்" என்று ஆசிரியை சொன்னது, "நல்லாக் கதைக்கிறானாம்" என்று அம்மாவிடம் போய், அன்று எனக்கு இரண்டு வடை கூடுதலாகக் கிடைத்த வரலாறும் உண்டு.

அம்மா பஞ்சைப் பார்த்து மூக்கைச் சுளித்தார். கந்தோர்களின் மேசைகளையும் தரைகளையும் துப்புரவாக்கும் வேலைக்குப் போய்வந்தவர். "அழுக்குக்குள்ள மூதேவிதான் குந்தியிருப்பாள்" என்பது அவருடைய வேதம்.

"மனுசன் என்ன சொல்லுறார்?" என்று கேட்டார்.

அந்தச் சனிக்கிழமை தங்கச்சி வாணிக்கு எட்டாவது பிறந்தநாள். என் வகுப்புப் பொடியன்களையும் வரச்சொல்லி, மீன்களைப் பற்றி ஏற்கெனவே அளந்துவிட்டிருந்தேன். வெறும் இரண்டு மீன்களைக் காட்டினால் என் மானம் என்னாவது?

"நல்லா உரஞ்சிக் கழுவட்டாம் அம்மா. உடனேயே பத்து மீன் விடலாமாம்."

கழுவுகிற பொறுப்பையும் நானே ஏற்றேன். அந்தப் பஞ்சு புதுத் தலையணை போல வெளுத்துவிட்டது.

சனிக்கிழமை, நீலமும் சிவப்புமாகக் கோடு போட்ட பத்து மீன்கள் வந்தன. "பிறந்தநாள் பிள்ளையின்ர கையால விட்டாத்தான் நல்லது" என்று அம்மா பையை வாணியிடம் கொடுத்தார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லிச் சொல்லி விட்டாள்.

திங்கட்கிழமை அவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசியாக்கும் என்று நான் இன்னும் தீனி போட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் பத்தும் முடிந்தன. வாணி ஒவ்வொன்றையும் கடதாசியில் சுற்றி, பெயர் எழுதினாள். அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்ற அம்மா, கோபமே இல்லாமல், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்லுகிற மாதிரி அவளிடம் சொன்னார்: "உனக்குக் கைராசி இல்லைப் பிள்ளை."

ஓயாமல் பேசுகிறவன் என்று பெயர் எடுத்த நான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு பல்கனியில் மிளகாய் விதை போடவும், பொங்கல் பானையில் முதல் பிடி அரிசி இடவும் அம்மா என்னைத்தான் கூப்பிட்டார். பத்து உயிரைக் கொன்ற கைக்கு அப்படி ஒரு மரியாதை! வாணி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஹெர் போல்மன் காலமாகி வெகுநாளாயிற்று. தொட்டியைத் தெருவோரம் வைத்தோம். யாரோ எடுத்துப் போனார்கள். அம்மா தன் கடிதங்களைத் தானே வாசிக்கப் பழகி, என் மொழிபெயர்ப்பு உத்தியோகமும் போயிற்று. அந்த ஒரு சொல் மட்டும் போகவில்லை. வாணி தன் வீட்டில் ஒரு கறிவேப்பிலைக் கன்றைக்கூடக் கணவரைக் கொண்டுதான் சட்டியில் நடுவித்தாள்.

போன மாதம் என் புது வீட்டில் பால் காய்ச்சினோம். அடுப்படிக்கு வந்த வாணியிடம் அம்மா, "நீ கொஞ்சம் தள்ளி நில்லம்மா" என்றார். அவள் சிரித்துக்கொண்டே பின்னால் போய்க் கைத்தொலைபேசியைப் பார்ப்பதுபோல நின்றாள். அதன் திரையில் வெளிச்சமே இல்லை.

விருந்தினர் போனபின் தோட்டத்தில் கதிரைகளை அடுக்கும்போது, முப்பது வருடம் விழுங்கி வைத்திருந்ததை அவளிடம் கக்கினேன். பஞ்சு, சவர்க்காரம், போல்மன் சொன்னது, நான் மாற்றிச் சொன்னது எல்லாவற்றையும், வழக்கம்போலப் பகிடி கலந்து. அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த கதிரையைக் கீழே வைத்தாள். சமையலறை யன்னலுக்குள் அம்மா பால் பானையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அதை அம்மாட்டப் போய்ச் சொல்லு," என்றாள்.